சாமத்திய வீட்டில் முடிந்த படம்

ரெயில் மேடையில் அந்தப் பெண் தனியாக நின்றாள். கையில் ஒரு தகரப் பெட்டி. அவளுக்குப் பின்னால் வெளியே போகும் வாசல் திறந்து கிடந்தது. அந்த வாசலால் திரும்பிப் போனால் கணவன் வீடு. முன்னால் ரெயில் வந்து நின்றது.

கொக்குவிலில், நேசம் அக்கா வீட்டு ஹோலில், ஒரு மத்தியானம். யன்னலுக்குப் பழைய சேலை கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தோம். வாங்கில் நாலைந்து பேர், பாயில் மிச்சப் பேர், கதிரைக் கைப்பிடியில் நான். சமைத்த கையோடு வந்தவர்களின் குழம்பு வாசமும் தலை எண்ணெய் வாசமும் சேர்ந்து அந்த அறைக்கென்று ஒரு மணம் இருந்தது. பரமேஸ் மாமி மட்டும், "ஏறாதை பிள்ளை, ஏறாதை" என்று தொலைக்காட்சிப் பெட்டிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் படத்தை முன்பே பார்த்தவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, ஒரு பூனை வந்தது. வெள்ளைக்காரி ஒருத்தி அதற்குத் தகரத்திலிருந்து மீன் எடுத்துக் கொடுத்தாள். அது எங்களுக்குப் பழகிய பூனைதான், விளம்பரம். அது போனதும் மறுபடி படம் வரும் என்று காத்திருந்தோம்.

வந்தது நாதஸ்வரம். தவில். மாவிலைத் தோரணம். தலையில் பூச்சரம் தொங்க, பச்சைச் சேலையில் ஒரு சின்னப் பெட்டை, இரண்டு பக்கமும் மாமிமார் பிடிக்க நடந்து வந்தாள்.

"உதென்ன கோதாரி?" என்றார் ஒருவர். "உவங்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து படம் எடுத்திருக்கிறாங்களோ?"

பரமேஸ் மாமி எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"உது எங்கடை மலரின்ரை பெட்டை சுகந்தியெல்லோ! உது போன மாசம் நடந்த சாமத்திய வீடெல்லோ! அங்கை பாருங்கோ, பலகாரத் தட்டோடை நான் நிக்கிறன்!"

சுகந்தி பெரியபிள்ளையானதற்குச் செய்த சடங்கு அது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தப் படத்துக்காக நான் எத்தனையோ கிழமை என் முறை வரட்டும் என்று காத்திருந்தவள். அந்தப் பெண் ரெயிலில் ஏறினாளா இல்லையா?

விடுப்பு

சென்ற கிழமை நான் சைக்கிள் பழகிய கதையை வாசித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், அந்தக் காலத்தில் உங்களுக்குப் பயமே இருக்கவில்லையா என்று. பயம் இருந்தது. விடுப்பு அதைவிடக் கூட இருந்தது.

விடுப்பு என்றால் என்னவென்று எங்கள் ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தனக்குத் தேவையில்லாத விஷயத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நித்திரை வராத குணம். அம்மா எனக்கு வைத்த பட்டமே விடுப்புக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது குரலைத் தாழ்த்தினால் என் கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடும்.

அப்போது நான் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில், ஆய்வுகூட உதவியாளராகச் சின்ன உத்தியோகம் பார்த்தேன். இந்தியப் படை வருவதற்கு முந்திய காலம். கறண்ட் வந்து வந்து போகும். கொழும்பு லொறி வரும் கிழமைகளும் உண்டு, வராத கிழமைகளும் உண்டு. வராத கிழமைகளில் சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, டோர்ச் பற்றரி எல்லாம் கடைகளில் மறைந்துவிடும். வெறும் வீடியோ கசெற்றும் அந்த வரிசையில்தான். இந்தக் கதைக்கு அந்தக் கடைசிச் சாமான் முக்கியம்.

எங்களுக்கென்று ஒரு வாசிகசாலை

எங்கள் பகுதியில் சந்திக்குச் சந்தி வாசிகசாலை இருந்தது. அதற்குள் ஆம்பிளைகள் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் வாசிப்பார்கள். பெண்கள் போகக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒருத்தியும் போனதை நான் காணவில்லை. வீடியோக் கடைகளும் அப்படித்தான். படம் எடுக்க வேண்டுமென்றால் தம்பியை அனுப்ப வேண்டும். தம்பி சண்டைப் படம்தான் கொண்டுவருவான்.

நேசம் அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே இங்கிலிஷ் படிப்பித்தவர். கலியாணம் செய்யவில்லை. ஞாயிறு சேர்ச்சுக்குப் போகும்போது கட்டும் வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக்கூடப் பிசகாது. லண்டனில் இருந்த அவரின் தங்கை ஒரு தொலைக்காட்சியும், வீடியோ டெக்கும், ஒரு பெட்டி நிறையக் கசெற்றும் அனுப்பியிருந்தார். அந்தக் கசெற்றுகளை வைத்துத்தான் அக்கா தொடங்கினார்.

"எங்களுக்கும் ஒரு வாசிகசாலை வேணும். பேப்பர் வேண்டாம். அதிலை எங்களைப் பற்றி ஒண்டும் இல்லை. படம் வைப்பம்" என்றார்.

கண்ட படத்தையும் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அலுமாரிக்குள் போகும் படத்துக்கு ஒரே ஒரு சட்டம். அதில் வரும் பெண், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு காரியத்தையாவது தானாகச் செய்ய வேண்டும்.

கேட்க இலகுவாக இருக்கிறது அல்லவா? எங்களிடம் வந்த தமிழ்ப் படங்களில் முக்கால்வாசி அந்த இடத்திலேயே விழுந்தன. கணவனின் மானத்துக்காகத் தீக்குளிக்கிற ஒரு கதாநாயகி தானாகத்தானே குளித்தாள் என்று பரமேஸ் மாமி வாதாடியதில் ஒரு மத்தியானம் முழுவதும் போய், தேத்தண்ணி ஆறி, கடைசியில் தோற்றுப்போனார். தேறியவை கொஞ்சம். பனிமலையில் தபால் கொண்டுபோகும் ஒருத்தி. தகப்பன் விட்ட வள்ளத்தைத் தானே திருத்திக் கடலுக்குப் போகும் ஒருத்தி. கிழவிகளான பிறகு பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படிக்கும் அக்காவும் தங்கையும். பாஷை விளங்காத இடங்களில் நேசம் அக்கா கீழே ஓடும் இங்கிலிஷ் எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். தலைக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் சத்தத்தைக் கூட்டுவோம்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் எங்கள் நேரம். ஆம்பிளைகள் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், உலை இறக்கியாயிற்று. வீட்டில் டெக் இருப்பவர்கள் படத்தை எடுத்துக்கொண்டும் போகலாம். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற சாட்டில் வந்து, பன்பைக்குள் முருங்கைக்கீரைக்குக் கீழே கசெற்றை வைத்துக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் கீரை மணக்கும். ஊர்ப் பெடியன்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'அழுகைக் கடை'. அவர்கள் சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

தங்கை அந்தப் படங்களை லண்டன் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து அனுப்பினார். விளம்பரமும் சேர்ந்துதான் வரும். அப்படித்தான் பூனை எங்களுக்குப் பழக்கம். பூனைக்கு மீனைத் தகரத்தில் அடைத்து விற்கிற ஊரும் இருக்கிறதே என்று அதை வைத்தே ஒரு நாள் முழுக்கக் கதைத்திருக்கிறோம்.

ரெயில் படம் எங்கள் அலுமாரியின் ராணி. வட இந்தியப் பக்கத்துப் படம், என்ன பாஷை என்றுகூட எனக்குத் தெரியாது. அதை எடுக்க அவ்வளவு பேர் முந்தினார்கள். நடத்துகிறவர்கள் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது நேசம் அக்காவின் இன்னொரு சட்டம். நான் நடத்துகிறவர்களில் ஒருத்தி. அதன் பலனைத்தான் மேலே பார்த்தீர்கள்.

மிச்சம் கிடந்த நாடா

அடுத்த நாள் சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போனேன். மலர் அக்கா வீடு சந்திக்குப் பின் ஒழுங்கையில்.

மலர் அக்காவின் கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் போய், உயிர் மட்டும் மிஞ்சி ஊருக்கு வந்தார். கொஞ்ச நாளில் ஜேர்மனிக்குப் போய்விட்டார். அவர் போகும்போது சுகந்தி எட்டு வயதிலும் தகப்பனின் மடியில் ஏறுகிற பிள்ளை. அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. முடியும்வரை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. பிள்ளை பெரியவளானதைக் கேட்டு, போட்டோ எடுத்தால் போதாது, வீடியோ எடுத்து அனுப்பு என்று சொல்லி விட்டிருந்தார்.

நான் நடந்ததைச் சொல்ல, மலர் அக்கா அப்படியே குந்திவிட்டார்.

"நான் படத்தை அழிக்கேல்லை கலா. சத்தியமாய் இல்லை. படம் முடிஞ்சாப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை வெறும் நாடா கிடந்தது. புள்ளிப் புள்ளியாய் இரைஞ்சுகொண்டு கிடந்தது. ஊரெல்லாம் தேடியும் ஒரு வெறும் கசெற் எடுக்கேலாமல் போச்சு. உது வீணாய்த்தானே கிடக்குது, அதிலை பதிஞ்சு வைப்பம், லொறி வந்து புதுக் கசெற் கிடைச்சால் கொப்பி எடுப்பம், அதுவரைக்கும் உங்கடை அலுமாரியிலை பத்திரமாய்க் கிடக்கும் எண்டு நினைச்சன்."

பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசியில் வெற்றுத் தாள் மிஞ்சினால் அதைக் கிழித்துத் தைத்து அடுத்த வருடத்துக் கொப்பியாக்கும் ஊர் எங்கள் ஊர். எனக்குக் கோபம் வரவில்லை. அவரின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிழை விட்டது வீடியோ எடுத்த மணியம். அவரையும் போய்ப் பிடித்தேன். கமெராவிலிருந்ததைக் கசெற்றில் பதிந்துவிட்டு, கமெராக் கசெற்றை அடுத்த கலியாண வீட்டுக்குப் பாவித்துவிட்டார். ஆகவே சுகந்தியின் சடங்கு உலகத்தில் அந்த ஒரு கசெற்றில் மட்டும்தான் இருந்தது. பதியாமல் இருக்க லண்டன் தங்கை உடைத்துவிட்ட பிளாஸ்ரிக் துண்டுக்குப் பதிலாக, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை ஒட்டி அந்தக் காரியத்தைச் செய்திருந்தார்.

"அக்கா படம் முடிஞ்ச இடத்திலை இருந்து போடச் சொன்னவ. நான் ஓட்டிப் பாத்தன். ரெயில் வந்து நிண்டுது. பேந்து பூனை சாப்பிடுது. பூனை வந்தால் படம் முடிஞ்சுதெண்டுதானே அர்த்தம்? 'வணக்கம்' எண்டும் போடேல்லை, ஒண்டும் போடேல்லை, நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்றார் மணியம்.

விளம்பரத்துக்குப் பிறகும் படம் உண்டு என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் தியேட்டர்களில் இடைவேளை ஒன்றுதான். அதில் கச்சான் கடலை விற்பார்கள். பூனை வராது.

ஆளுக்கொரு கடைசி

படத்தைப் பார்த்தவர்களிடம் கடைசியைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் முடிந்தது என்று நினைத்தேன். விடுப்புக்காரிக்கு அதைவிட நல்ல வேலை வேறு ஏது?

பரமேஸ் மாமியைச் சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் பிடித்தேன். "ஏறேல்லை. ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டிலை என்ன வழி?" என்றார்.

பலாலி வீதியில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு மாணவி, "ஏறினவ. ஏறி யன்னலோரம் இருந்து தலையைக் கூடக் கலைச்சுவிட்டவ" என்றாள்.

நேசம் அக்காவிடம் கேட்டேன். "ரெயில் வெளிக்கிடும். சனம் குறுக்கை மறுக்கை போகும். எல்லாம் போனாப் பிறகு மேடை வெறுமையாய்க் கிடக்கும். அவ்வளவும்தான் காட்டுவினம். யன்னலும் இல்லை, தலையும் இல்லை" என்றார். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று நான் விடவில்லை. "நான் ஏறியிருப்பன்" என்று சொல்லிவிட்டு, நான் கேட்டது அதுவல்ல என்பது உறைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கடைசியை ஆகக் கூடுதலாகப் பார்த்தவர் மலர் அக்காதான். தமையன் வீட்டு டெக்கில், ஒருவரும் இல்லாத நேரம், திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாராம். சனத்துக்கு நடுவில் ஒரு இடத்தில் ஒரு விஷயம் தெரியும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்போது அவரிடம் போய்க் கேட்கிற நிலைமை இல்லை. அவருக்கு வேறொரு நெருப்புப் பிடித்திருந்தது.

யாரை அழிப்பது?

மலர் அக்காவின் தூரத்துச் சொந்தம் கனகு அண்ணைக்குத் திடீரென்று பயணம் சரிவந்துவிட்டது. கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனிக்கு. சுகந்தியின் தகப்பன் இருக்கும் அதே ஊருக்கு. இரண்டு நாளில் வெளிக்கிடுகிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிற ஆள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெறும் கசெற்றும் எங்கும் இல்லை.

நேசம் அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். மலர் அக்கா வாசலோரம், குடையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கசெற் எங்கடை. கடைசித் துண்டைத் தவிர முழுப் படமும் இன்னும் மிச்சம் இருக்கு. அதைக் குடுக்கேலாது" என்றார் நேசம் அக்கா. அவருக்குக் கோபம் படம் போனதில் மட்டுமல்ல. "பெட்டையளைத் தேங்காயோடையும் விளக்கோடையும் காட்சிக்கு வைக்கக்கூடாது எண்டுதான் இதைத் தொடங்கினது. இப்ப அந்தக் காட்சியே எங்கடை படத்துக்கு மேலை ஏறி இருக்கு."

அது பிழையான பேச்சு என்று சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு அந்தச் சடங்கு நடந்தபோது நானும் பந்தலுக்குள் தலையைக் குனிந்துகொண்டு எரிச்சலோடு இருந்தவள்தான்.

வேறு வழி, சடங்கை இன்னொரு கசெற்றுக்கு மாற்றுவது. அதற்கு அலுமாரிக்குள் இருக்கும் ஒரு படத்தை அழிக்க வேண்டும். நேசம் அக்கா அலுமாரியைத் திறந்தார்.

"தபால்காரி?" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அவளிலை கை வைச்சியளோ, நான் இந்தப் படலைக்கு வரமாட்டன்" என்றார் ஒருவர். வள்ளக்காரிக்கு இரண்டு பேர் எழும்பினார்கள். எழுத்துப் படிக்கும் கிழவிகளுக்காகப் பரமேஸ் மாமி அழுதே விட்டார். அவருக்கு அப்போதும் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, தூசி தட்டி, திரும்ப வைத்தோம். ஒருத்தியையும் அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மலர் அக்கா குடையை விரித்தார்.

"ஒருத்தரையும் அழிக்க வேண்டாம். கசெற் பழுதாய்ப் போச்செண்டு கனகு அண்ணையிட்டைச் சொல்லிவிடுறன். அவருக்கு இவளின்ரை ரெண்டு போட்டோ அனுப்பினால் காணும்."

போட்டோ காணாது என்று அவர் முகத்திலேயே இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கியும்விட்டார்.

"நில்லும் மலர்" என்றார் நேசம் அக்கா. "எதைக் குடுக்கமாட்டன் எண்டு சொல்லுறன் எண்டாவது எனக்குத் தெரியவேணும். அதை ஒருக்காப் போடுங்கோ, பாப்பம்."

பூச்சரத்துக்குப் பின்னால்

முதல் நாள் நாங்கள் சிரித்துக்கொண்டு நிறுத்திவிட்டோம். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லாச் சடங்கும் போலத்தான். ஆலாத்தித் தட்டுகள் வருகின்றன. சந்தனம், பன்னீர். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். தொடக்கத்து நாதஸ்வரத்துக்குப் பிறகு சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு மணியம் சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருந்தார்.

ஆனால் பிள்ளை தலையைக் குனியவில்லை. ஆலாத்தி எடுக்கிறவர்களை அவள் பார்க்கவே இல்லை. கமெரா எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் அவள் முகமும் போனது. முன்னால் தொங்கிய பூச்சரத்தைக் கையால் ஒதுக்கிவிட்டாள். மாமி ஒருத்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சுகந்தி மறுபடி ஒதுக்கினாள். மறுபடி தட்டு. மறுபடி ஒதுக்கினாள். பிறகு அவள் உதடு அசைந்தது. கமெராவைப் பார்த்து என்னவோ சொன்னாள். ஒரு வசனமல்ல, கன நேரம் சொன்னாள். பாட்டுத்தான் எங்களுக்குக் கேட்டது.

"ஆரோடை கதைக்கிறாள்?" நேசம் அக்கா கேட்டார்.

"தேப்பனோடை" என்றார் மலர் அக்கா. "இந்தக் கூத்துக்கு வரமாட்டன் எண்டு அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தவள் அக்கா. அந்தக் கமெராவுக்குள்ளாலை அப்பா பாப்பார் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான் கதவைத் திறந்தவள்."

"பூவை விலத்தச் சொல்லி நீரோ சொல்லிக் குடுத்தனீர்?"

"இல்லை. நானும் ஏசினனான். ஒருத்தற்றை சொல்லும் கேக்கேல்லை."

"என்ன சொல்லுறாள்?"

"கேட்டனான். 'அது உங்களுக்கில்லை அம்மா' எண்டிட்டாள்."

நேசம் அக்கா எழும்பி டெக்கை நிறுத்தினார். கசெற்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, மலர் அக்காவின் கையில் கொடுத்தார். அந்தப் படத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கசெற் போனால் அந்தப் பெண்ணின் கடைசி மட்டுமல்ல, முதலும் போய்விடும். அப்படியிருந்தும் கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன்.

"முழுக்கப் போகட்டும். ஆனால் தொடக்கத்திலை இருந்து பாக்கச் சொல்லும். பிள்ளையின்ரை பகுதிக்கு நேரை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. எங்களிட்டைப் படம் எடுக்கிற ஆக்களுக்கு அதுதான் சட்டம்" என்றார்.

அங்கிருந்து ஒரு கேள்வி

கனகு அண்ணை போய்ச் சேர்ந்த செய்தி வர நாள் எடுத்தது. அதற்குப் பிறகு மழையும் வந்து போனது. கசெற்றைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மலர் அக்கா முன்போலவே படம் எடுக்க வருவார், கீரைக்குக் கீழே வைத்துக்கொண்டு போவார். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் கூடக் கேட்கவில்லை என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஒரு மத்தியானம் அவர் வழமையைவிட நேரத்தோடு வந்தார். நேசம் அக்காவும் நானும்தான் இருந்தோம். பன்பைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஓடியோ கசெற்றை எடுத்தார். அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்தும் அனுப்புவார்கள்.

"இவர் அனுப்பினவர். வீட்டிலை ரெண்டு தரம் கேட்டிட்டன். மறுமொழி அனுப்பவேணும். அங்கை மாமி இருக்கிறா, இருந்து கதைக்கேலாது. உங்கடை றேடியோவிலை பதியலாமோ?" என்றார். பிறகு, "முதல்லை நீங்களும் கேளுங்கோ. உங்களுக்கும்தான் இது" என்றார்.

கசெற் ஓடியது. இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு ஓர் ஆணின் குரல்.

"மலர், கனகு அண்ணை தந்த கசெற் பாத்தன். பிள்ளை வளந்திட்டாள்..." அதற்கு மேல் குரல் வரவில்லை. நாடா வெறுமையாக ஓடியது. "அண்ணை, தண்ணியைக் குடியுங்கோ" என்று இன்னொரு குரல் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்ப வந்தார். "பிள்ளையிட்டைச் சொல்லும், அவள் சொன்னது எனக்கு விளங்கினது எண்டு. சத்தம் இல்லாட்டிலும் விளங்கினது."

நேசம் அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மற்றது ஒண்டு. முதலிலை இருந்து பாக்கச் சொன்னதெண்டு கனகு அண்ணை ஒரே பிடியாய் நிண்டார். இஞ்சை ஒரு அறைக்குள்ளை நாங்கள் கனபேர். எல்லாரும் வந்து இருந்து பாத்தவங்கள். அந்தப் பொம்பிளையை அந்தாள் படுத்துற பாட்டைப் பாத்து இஞ்சை ஒருத்தரும் கதைக்கேல்லை. பேந்து ரெயில் வந்து நிக்க, பூனை வந்திட்டுது." பின்னால் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. "உவங்கள் கேக்கச் சொல்லுறாங்கள். நானும் நெடுக யோசிக்கிறன். அந்தப் பொம்பிளை ஏறினவளோ, இல்லாட்டித் திரும்பி வீட்டை போனவளோ? நீர் பாத்தனீர்தானே மலர்? நீர் என்ன நினைக்கிறீர்?"

கசெற் நின்றது.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவர் என்னட்டை நூறு விஷயம் சொல்லியிருக்கிறார். 'நீர் என்ன நினைக்கிறீர்' எண்டு கேட்டதில்லை" என்றார் மலர் அக்கா. அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "கலா, மற்றப் பக்கத்தைப் போட்டுப் பதியும்."

நான் கசெற்றைப் பிரட்டிப் போட்டு இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். என் நெஞ்சு அடித்த அடி அதிலேயே பதிந்திருக்கும். இத்தனை மாதம் ஊர் முழுக்க அலைந்து தேடிய விஷயத்தை, ஒரு முழத் தூரத்தில் இருந்து, அதைப் பார்த்த மனுசியே சொல்லப்போகிறார்.

"இஞ்சருங்கோ" என்று தொடங்கினார். சுகந்தியின் படிப்பைச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் நல்லாக இருக்கிறது என்றார். மாமியின் முழங்கால் நோ, தமையனின் வீடு, பசு கன்று போட்டது, எல்லாம் சொன்னார். பிறகு றேடியோவுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

"மற்றது, அந்தப் பொம்பிளையைக் கேட்டியள். நான் பாத்தனான். கனதரம் பாத்தனான். அவள் என்ன செய்தவள் எண்டு எனக்குத் தெரியும். நான் என்ன நினைக்கிறன் எண்டும் கிடக்குது. ஆனால் அது கசெற்றிலை சொல்லுற கதையில்லை."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் றேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கு எப்ப முடியுதோ முடியட்டும். நேரிலை வந்து, எனக்கு முன்னாலை இருந்து கேளுங்கோ. சொல்லுறன்."

பொத்தானை நான் அழுத்தவில்லை. அவரே கை நீட்டி அழுத்தினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அந்தக் கடைசியைக் கேட்கவே இல்லை.